தராசு பிடிக்கிற பையனைப் பார்த்துப் பரிதாபப்படும் உறவுகளுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 40 நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்து என் பாடத்தைக் கேட்டவர்கள் இதையும் படித்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பாதியில் எழுந்து போகிறவர்கள் வழக்கம்போல் கையைத் தூக்கிவிட்டுப் போகவும்.

போன வாரம் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த ஒரு சொந்தம், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் கேட்டார்: “ஏன் மதினி, இன்ஜினியரிங் படிச்சு மெட்ராஸ்ல நல்ல வேலையில இருந்த பையனைப் போய் பலசரக்குக் கடையில உட்கார வச்சுட்டீகளே? தராசு பிடிக்கவா அவ்வளவு செலவழிச்சுப் படிக்க வச்சீக?” சுற்றி இருந்த நாலு பேர் “ச்சு” கொட்டினார்கள். நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

அன்று இரவே, நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் நின்று பேசுகிறார். தினமும் காலையில் எழுந்ததும் மூன்று விஷயங்களுக்கு நன்றி என்று நோட்டில் எழுத வேண்டுமாம். எழுதினால் தொழிலில் வரும் கஷ்டமெல்லாம் பூப்போல ஆகிவிடுமாம். கீழே 60 பேர் கை கூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள்.

பந்தியில் பரிதாபப்பட்டவரும் மேடையில் கோட்டு போட்டவரும் எதிரெதிர்க் கட்சி மாதிரி தெரியும். எனக்கு இரண்டு பேர் மேலும் ஒரே கோபம்தான். கடை நடத்துகிற ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. முன்னவருக்கு அது கேவலம். பின்னவருக்கு அது காலையில் இரண்டு வரி எழுதினால் தீர்ந்துவிடும் தலைவலி. 41 வருஷமாக ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் குடியிருப்பவள் என்ற தகுதியில் இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

நான் வகுப்பில் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம் உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். “படிக்கலேன்னா உங்க அப்பா மாதிரி கடையில பொட்டலம்தான் மடிக்கணும்.” இதை நான் 34 வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. டீக்கடைக்காரர் பிள்ளைக்கு ‘கிளாஸ் கழுவணும்’ என்றும், சலவைக்கடைக்காரர் பிள்ளைக்கு ‘பெட்டி போடணும்’ என்றும் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதைச் சொன்ன நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பொட்டலம் மடித்த கை போட்ட சாப்பாட்டைத்தான் சாப்பிட்டேன்.

2003 ஜூலை மாதம் நடந்த அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் ஒரே மூச்சில் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று பேச இன்றைக்கு நான் வரவில்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்து மறுபடி வேலைக்குப் போனோம். நடுவில் இருந்த நாட்களைப் பற்றித்தான் பேச்சு. ‘கவர்மெண்ட் வேலை, கடைசி வரைக்கும் கவலையில்லை’ என்று எல்லோரும் என்னைக் காட்டிப் பேசிய காலம் அது. அந்தக் கடைசி ஒரு நாள் காலையில் பேப்பரில் வந்தது. என் மகள் அப்போது பிளஸ் ஒன், மகன் எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் உலை ஒரு நாளும் நிற்கவில்லை. காரணம், காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கிய என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் நான் கேவலமாகப் பேசிய அந்தப் பொட்டலம்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை. வேலைக்குத் திரும்பிய மறுவாரமே ஒரு பையனைப் பார்த்து அதே வாக்கியத்தைச் சொன்னேன். வாய்க்குப் பழகிவிட்டது.

சரி, இனி கடை. ‘சும்மா உட்கார்ந்து காசு வாங்கிப் போடுற வேலை’ என்று நினைப்பவர்களுக்காக.

விடியற்காலை நாலரைக்குப் பால் டப்பாவும் பன், ரொட்டியும் வந்து இறங்கும். எண்ணி எடுத்து வைக்க வேண்டும். ஐந்தரைக்கு முதல் வாடிக்கை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் காலை டிபனுக்கு ரவை கேட்டு வரும். பதினொரு மணிக்கு மேல் விருதுநகரில் விலை கேட்டு போன். பருப்பு, மிளகாய், எண்ணெய் எல்லாம் அங்கே காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. சாக்கு இறங்கினால் எடை பார்க்க வேண்டும். மல்லி காய்ந்து எடை குறையும், வெல்லம் கசியும், எலி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தராசுக்கு முத்திரை, உணவுப் பாதுகாப்புப் பதிவு, மாசம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரைக்கும் பை கட்டிப் பேர் ஒட்டிய அரிசிக்கும் 5 சதவீதம் வரி வந்தபோது, நேற்று வரை இல்லாத வரி இன்று எப்படி வந்தது என்று ஒவ்வொரு வாடிக்கைக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி என் மகனுக்குத் தொண்டை கட்டிப்போனது. 2015-இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது, ஏதோ நாங்களே பருப்பைப் பதுக்கிய மாதிரி என் வீட்டுக்காரரை முகத்துக்கு நேராகத் திட்டினார்கள். விலை இறங்கியபோது யாரும் வந்து பாராட்டவில்லை.

இரவு பத்து மணிக்குக் கடை அடைப்பு. பத்தே காலுக்கு யாராவது பின்கதவைத் தட்டுவார்கள். ‘அண்ணாச்சி, பிள்ளைக்கு வயிறு சரியில்லை, கொஞ்சம் ஓமம்.’ எழுந்து போய்க் கொடுத்தாக வேண்டும்.

இதையெல்லாம் மூன்று வரி நன்றி எழுதிச் சரிக்கட்ட முடியாது என்பது என் முதல் வாதம். கால் வலிக்கு நன்றி மருந்தாகாது. அதற்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும். இதையும் சும்மா சொல்லவில்லை. எங்கள் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒன்பது வருஷம் நின்றுகொண்டே சரக்குக் கட்டினான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் எங்கள் கடையில் அவனுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. ஒன்பது வருஷமும் தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்து, ‘நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிடா’ என்று நன்றியோடுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த நன்றி அவன் காலுக்கு என்ன செய்தது?

இப்போது இரண்டாவது வாதம். இதுதான் முக்கியம்.

ஐந்தாம் வகுப்பில் லாப நட்டக் கணக்கு நடத்துவேன். ஒரு கடைக்காரர் 400 ரூபாய்க்குச் சர்க்கரை வாங்கி 450 ரூபாய்க்கு விற்றார், லாபம் எவ்வளவு? நீங்கள் எல்லோரும் ஐம்பது என்று கத்துவீர்கள். நான் ‘சரி’ போடுவேன். அந்தக் கணக்கு தப்பு பிள்ளைகளா. வண்டிக் கூலி எங்கே, சிந்தியது எங்கே, கடன் சொல்லிப் போய் வராதது எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தச் சர்க்கரையைச் சலித்து அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கட்டிய ஆளுக்குக் கூலி எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் கடையில் அந்த ஆள் என் அத்தை, என் வீட்டுக்காரரைப் பெற்றவர். நான் கல்யாணமாகி வந்த 1984-லிருந்து அவர் கண்மூடிய 2009 வரை, கடைக்குப் பின்னால் இருந்த தாழ்வாரத்தில் சுளகும் கையுமாகத்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். பருப்பில் கல் பொறுக்குவார். புளியில் கொட்டை எடுப்பார். மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுவார். இரவு முழுக்கக் கை எரியும், மோரில் விரலை முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ‘அண்ணாச்சி கடைப் பருப்புல ஒரு கல் இருக்காது’ என்று ஊரே சொன்னது. அண்ணாச்சிக்குப் பெயர். கல் பொறுக்கியவர் பெயர் எந்த நோட்டிலும் இல்லை.

அவர் காலமான பிறகு, ஒரு நாள் பரணிலிருந்து பழைய பேரேடுகளை எடுத்துத் தூசி தட்டினேன். மாமா தொடங்கி வைத்த கணக்கு. வண்டிக்காரர் பெயர் இருக்கிறது. சுமை தூக்கியவர் பெயர் இருக்கிறது. எலிப் பாஷாணம் வாங்கிய நாலணா இருக்கிறது. அத்தை பெயரில் ஒரு பைசா இல்லை. ஒரு கூலி ஆளை வைத்திருந்தால் என்ன கொடுத்திருப்போமோ அதைப் போட்டு, கணக்கு டீச்சர் புத்தியில் சில வருஷங்களுக்குக் கூட்டிப் பார்த்தேன். பல வருஷம் எங்கள் கடை நட்டத்தில்தான் ஓடியிருக்கிறது. ஒரு பெண் சம்பளம் கேட்காமல் இருந்ததைத்தான் நாங்கள் லாபம் என்று எழுதி வைத்திருந்தோம்.

‘குடும்பத்துக்காகச் செஞ்சாங்க, அதுக்குப் போய் கணக்கா?’ என்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். கணக்குப் பார்க்காமல் செய்தது அத்தையின் பெருமை. கணக்கில் எழுதாமல் விட்டது எங்கள் சிறுமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

என் மகள் எட்டாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கல்லாவில் உட்கார்ந்தாள். மகன் கிரிக்கெட் விளையாடப் போவான். கல்யாணம் முடிந்து போனபோது ‘பொண்ணுக்கு நகை போட்டாச்சு’ என்று கடையை மகன் பக்கம் ஒதுக்கிவிட்டோம். பெண் பிள்ளைக்கும் குடும்பச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் செய்தியை நானே பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். வீட்டுக்குள் வரும்போது சாக்பீஸை வெளியே வைத்துவிட்டு வந்தேன் போல.

நன்றி, நன்றி என்று எல்லோரும் பேசுகிறார்களே, அந்தச் சொல்லைக் குடும்பத் தொழிலில் நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று யோசியுங்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் வாயை அடைக்கத்தான். ‘உனக்காகத்தானே இந்தக் கடையை வச்சிருக்கேன், நன்றி வேண்டாமா’ என்று அப்பா மகனிடம் கேட்பார். ‘சோறு போடுற தொழில், முகம் சுளிக்கலாமா’ என்று மருமகளிடம் கேட்பார்கள். தொழிலில் இருக்க விருப்பமில்லாத பிள்ளையின் கழுத்தில் போடும் சுருக்கு இது. நன்றி என்பது பட்டவன் தானாகச் சொல்ல வேண்டியது. கொடுத்தவன் கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் வட்டி.

அப்படியானால் இந்தத் தொழிலுக்கு நான் நன்றி சொல்லவே மாட்டேனா? சொல்வேன். யார் யாருக்கு என்று விலாசம் போட்டுச் சொல்வேன்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கல்லா நிறைய நோட்டு, செலவழிக்கப் பணமில்லை. மறுநாள் காலை என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது விருதுநகர் மொத்த வியாபாரியிடமிருந்து போன். ‘அண்ணாச்சி, சரக்கு ஏத்தவா? பணம் வர்றப்ப வரட்டும்.’ ஒரு சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. 30 வருஷம் சொன்ன தேதியில் பணம் கட்டியவருக்குக் கிடைத்த மரியாதை அது. அந்த மூட்டைகள் வந்ததால்தான் எங்கள் தெருவில் கையில் செல்லாத நோட்டை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு நாங்களும் கடன் எழுத முடிந்தது.

2020 ஊரடங்கு. சென்னையிலிருந்து வந்த என் மகன், முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்த அப்பாவுக்குப் பதிலாகக் கடையில் நின்றான். காலையில் ஆறு மணிக்குத் திறந்து மதியம் ஒரு மணிக்குள் அடைக்க வேண்டும். அந்த ஏழு மணி நேரத்துக்குள் தெரு முழுக்க வரிசை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் ஓர் அக்கா, வேலை இல்லாத அந்த நாட்களில் கடனுக்குத்தான் வாங்கினார். 3,840 ரூபாய். ‘இது வராதும்மா, அடிச்சிரலாம்’ என்றான் மகன். அந்த அக்கா 100, 200 என்று கொண்டுவந்து கொடுத்து, 14 மாசத்தில் முடித்தார். கடைசி 40 ரூபாயைக் கொடுத்த அன்று பற்று நோட்டில் தன் பக்கத்தை அடிக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அன்று சாயங்காலம் என் மகன் சொன்னான்: “அம்மா, கம்பெனியில நான் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். நான் செஞ்ச வேலை யாருக்குப் போய்ச் சேருதுன்னு எனக்குத் தெரியாது. இங்க தெரியுது.” அவன் திரும்பிப் போகாததற்குக் காரணம் இதுதான். நாங்கள் உட்கார வைக்கவில்லை, மதினி. அவனாக உட்கார்ந்தான்.

என் அனுபவத்தில், கடை கேட்கிற உழைப்பு இரண்டு வகை. ஒன்று, மனிதர்கள் நம்மை நம்பி வருவதால் வருவது. பத்தே காலுக்குக் கதவு தட்டுகிற ஓமம் அந்த வகை. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் கதவைத் தட்டாத ராத்திரி ஒன்று வந்தால் கடையும் அதோடு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு நான் நன்றி சொல்வேன். இன்னொன்று, ஒருவர் செய்ய வேண்டியதை இன்னொருவர் தலையில் சத்தமில்லாமல் கட்டுவதால் வருவது. அத்தையின் எரிந்த விரல், ஸ்டூல் இல்லாத தம்பியின் கால், என் மகளின் ஞாயிற்றுக்கிழமை. இதற்கு நன்றி சொன்னால் போதாது. கணக்குத் தீர்க்க வேண்டும்.

திருக்குறளில் 11-ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அதற்கு அடுத்தது நடுவுநிலைமை. அந்த நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில்தான் வள்ளுவர் வாணிகம் செய்வாரைப் பேசுகிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணச் சொல்கிறார். 34 வருஷம் இரண்டு அதிகாரத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைத்தேன். நன்றி அறிந்தவன் அடுத்துப் போக வேண்டிய இடம் நியாயம் என்று, கடை வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

‘பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே சாமான் வருது, உங்க கடை எத்தனை நாளைக்கு?’ என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. பெரிய ஊர்களில் பல கடைகள் தடுமாறுவதை என் மகனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நாளைக்கு எங்கள் கடையையும் மூட வேண்டி வரலாம். மூடினால் அவமானம் ஒன்றும் இல்லை. யாருக்கும் பாக்கி வைக்காமல் மூட வேண்டும், அவ்வளவுதான். வெளியாருக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும். கடைக்காரர் பிள்ளைகள் எல்லோரும் கடைக்கே வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வர விரும்புகிறவனைப் பார்த்து ‘ச்சு’ கொட்டாதீர்கள், விரும்பாதவனை நன்றி சொல்லிக் கட்டிப்போடாதீர்கள்.

இந்தச் சித்திரையில் புதுக் கணக்கு போடும்போது வீட்டில் ஒரு சண்டை போட்டேன். என் மருமகள் தினமும் நாலு மணி நேரம் பில்லும் ஜிஎஸ்டியும் பார்க்கிறாள். அவளுக்கு மாசச் சம்பளம், அவள் பேங்க் கணக்கில் ஏற வேண்டும் என்றேன். கடைக் கட்டடத்தில் மகளுக்கும் பங்கு எழுத வேண்டும் என்றேன். ‘வீட்டுக்குள்ள சம்பளமா, ஊரு சிரிக்கும்’ என்று என் வீட்டுக்காரர் இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகள் சம்பளம் வைகாசியிலிருந்து ஏறுகிறது. மகள் பங்கு இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. இந்தப் பதிவை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். முழுக்கக் கேட்டார். ‘அம்மா மோர்ல கையை வைக்கிறதை நீ எழுதாம இருந்திருக்கலாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கடைக்குப் போனார். நான் அடிக்கவில்லை. அது இருக்க வேண்டிய வரி.

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடிக்க முடியுமா? கடை, மில், மெஸ், பட்டறை எது வைத்திருந்தாலும் இன்று இரவு கல்லாவை எண்ணி முடித்ததும் ஒரு தாள் எடுங்கள். மூன்று நன்றி எழுத வேண்டாம். இந்தத் தொழிலுக்காகச் சம்பளம் வாங்காமல் உழைத்தவர்கள் பெயரை எழுதுங்கள். அம்மா, அக்கா, மனைவி, படிப்பை விட்ட தம்பி, எல்லோரையும். பெயருக்கு நேராக என்ன கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுங்கள். இல்லாதவர்கள் பெயரையாவது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

என் வீட்டுப்பாடத்தை நான் இங்கேயே செய்துவிடுகிறேன். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது, என் வீட்டுக்காரர் பழைய பேப்பரை எடுத்துக் கூம்பு சுற்றி, கால் கிலோ கடலையைப் போட்டு, மேல் மடிப்பை உள்ளே செருகி நீட்டினார். சணலே தேவைப்படவில்லை. நான் ஒன்று மடித்துப் பார்த்தேன். கடலை முழுக்கத் தரையில். அரை நாள் முயற்சி செய்தும் எனக்கு வரவில்லை.

உங்கள் அப்பாவின் கையில் இருந்த அந்த வித்தையை உங்கள் முன்னாலேயே நான் கேவலப்படுத்தினேன். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளாக என் வகுப்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் அப்பா, அம்மா இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பந்தியில் கேட்ட மதினிக்கு: மாசச் சாமான் லிஸ்டை வழக்கம்போல் அனுப்புங்கள். என் மகன்தான் தராசு பிடிப்பான். எடை சரியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்